ஈமெயில் ஆரின்ர?

இந்தக் கட்டுரையை எழுத முதல் அக்காட்டக் கேட்டனான். பெரியம்மாவின் மகள், என்னைவிட ஒரு வயசு மூத்தவா. "என்ர பேரைப் போடாத. மற்றதெல்லாம் எழுது. அந்த ஈமெயில் கதையைக் கட்டாயம் எழுது" எண்டு சொன்னவா. அதால எழுதுறன். இதில என்ர பிழையும் இருக்கு. அதைத்தான் முதல் எழுதவேணும்.

2022 நடுப்பகுதி. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை, மண்ணெண்ணெய் இல்லை, அரிசி விலை கேட்கவே பயம். கம்பஸ் விரிவுரைகள் சூமுக்குப் போயிருந்தன. துணுக்காயில் எங்கட வீட்டில் சிக்னல் வேணுமெண்டால் வளவின் மூலையில் உள்ள மாமரத்தடிக்குப் போகவேணும். மழை வந்தால் வகுப்பும் இல்லை. அதனால் நான் ஊருக்கு வராமல் திருநெல்வேலியில் போடிங்கிலேயே நின்றேன். நிற்கக் காசு வேணும். சீனியர் அண்ணா ஒருவர், யாழ்ப்பாணம் டவுனில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிக்கு ஆள் தேவை என்று சொன்னார். கலைப்பீடம், இங்கிலிஷ் ஓரளவு வாசிப்பன், வடிவாக் கதைப்பன். அடுத்த நாளே வேலை.

என்ர பதவிப் பெயர் "ஸ்டூடன்ட் கவுன்சிலர்". வயசு இருபத்தொண்டு. இரண்டு நாள் பயிற்சி. கனடாவை வாழ்நாளில் பாக்காத நான், வருகிற பிள்ளைகளுக்குக் கனடாவில் எந்த மாகாணம் நல்லம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாதம் இருபதாயிரம் ரூபா. அதைவிட, நான் கூட்டிக்கொண்டு வருகிற ஆள் ஃபைல் திறந்தால் ஃபைலுக்குப் பத்தாயிரம்.

உள்ளறையில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் நட்சத்திரங்கள். சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு மூன்று. முதல் கிழமை அது படிப்பின் தரம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது கொமிசன். ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளை கட்டும் முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கை வெளிநாட்டுக் கல்லூரி ஏஜென்சிக்குக் குடுக்கும். உலகம் முழுக்க இந்தத் தொழில் இப்படித்தான் நடக்கிறது. அது களவும் இல்லை. ஆனால் முன்னால் கதிரையில் இருக்கிற பிள்ளைக்கு அது தெரியாது. "உங்கட ரிசல்ட்டுக்கு இதுதான் பொருத்தம்" என்று நான் மூன்று நட்சத்திரக் கல்லூரியைக் காட்டுவேன். அந்தப் பிள்ளை என்னைத் தன்ர ஆள் என்று நினைக்கும். நான் கல்லூரியின் ஆள்.

அக்காவும் நானும் 2019 இல் ஒரே மண்டபத்தில் ஏ.எல் எழுதினனாங்கள். நான் முதல் தரம், கலை. அவா இரண்டாம் தரம், வர்த்தகம். மூன்று பாடமும் சித்தி. இசட் ஸ்கோர் கொஞ்சத்தில் தவறிவிட்டது. எங்கட முல்லைத்தீவு, பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் இப்படியான மாவட்டங்களுக்கு மேலதிகம். அந்தச் சலுகை இருந்தும் அவாவுக்கு இடம் இல்லை. நாட்டில் ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவது ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். உள்ளே எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். மிச்ச ஒரு இலட்சம் பேரும் "தகுதி உண்டு, இடம் இல்லை" என்ற ஒரு துண்டோடு றோட்டில் நிற்கினம். ஏஜென்சிகளின் முழுச் சந்தையும் அந்த ஒரு இலட்சம் பேர்தான். மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பாருங்கோ. "ஐ.ஈ.எல்.ரி.எஸ் தேவையில்லை", "வங்கி மீதி நாங்களே காட்டுவோம்", "100% விசா". அதெல்லாம் எங்களைத் தேடித்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கு.

அக்கா அப்ப மல்லாவியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவா. நான்தான் கோல் எடுத்துச் சொன்னேன். "அக்கா, நான் இருக்கிற இடம். பயமில்லை. நானே ஃபைல் பாக்கிறன்."

இந்த "நானே பாக்கிறன்" என்ற சொல்லில்தான் பெரியம்மா நம்பினவா. காணி உறுதியை எடுத்துக் குடுத்தவா. அந்த உறுதியைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேணும். 2008 இல் துணுக்காயை விட்டு வெளிக்கிடேக்க பெரியம்மா அதைச் சொப்பிங் பையில் சுத்தி இடுப்போட கட்டினவா. மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம் முகாம், எல்லா இடமும் அது அவாவோடயே இருந்தது. மீளக் குடியேறி வரேக்க வீடு இல்லை, உறுதி இருந்தது. அதை 2022 இல் வட்டிக்குக் காசு குடுக்கிற ஒருவரிடம் வைத்தார்கள். தாலிக்கொடியைத் தவிர மிச்ச நகை வங்கிக்குப் போனது. ஏஜென்சிக்கு முதலில் இரண்டரை இலட்சம் "ஃபைல் சார்ஜ்". பிறகு வங்கி மீதி காட்டுவதற்கு என்று இன்னொரு தொகை.

விண்ணப்பத்தை அக்காவும் நானும் ஒரே மேசையில் இருந்து நிரப்பினோம். ஈமெயில் முகவரி கேட்கிற இடத்தில் அவா தன்னுடையதைச் சொன்னா. மனேஜர் எட்டிப் பார்த்து, "வேண்டாம், நாங்கள் புதுசா ஒண்டு திறப்பம். அப்பத்தான் ஃபொலோ பண்ணலாம்" என்றார். அக்காவின் பேரில் ஒரு ஈமெயிலை நானே திறந்தேன். பாஸ்வேர்டும் நான் போட்டதுதான். ஏஜென்சியின் கொப்பியில் எழுதி வைத்தேன். அக்காவிடம் குடுக்கவில்லை. குடுக்கச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. எல்லா ஃபைலுக்கும் அப்படித்தான். பிரதிநிதி யாராவது இருக்கினமா என்று ஒரு கேள்வி வரும். "இல்லை" என்று போடச் சொன்னார்கள். போட்டேன்.

அந்த மாதம் அக்காவின் ஃபைலுக்கு எனக்குப் பத்தாயிரம் கிடைத்தது. போடிங் காசு கட்டினேன்.

கம்பஸ் திரும்ப வழமைக்கு வர நான் வேலையை விட்டேன். 2023 சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனேன். அக்கா விறாந்தையில் இருந்து கேட்டவா: "டேய், ரிஜெக்ட் ஆம். திரும்பப் போடலாமாம், இன்னும் ஒண்டரை இலட்சம் வேணுமாம். ஏன் ரிஜெக்ட் எண்டு கேட்டா ஒழுங்கா ஒருத்தரும் சொல்லினம் இல்லை." எனக்கு அப்பத்தான் அந்த ஈமெயில் நினைவு வந்தது. மாமரத்தடிக்குப் போய் ஃபோனில் திறந்தேன். பாஸ்வேர்ட் மாத்தவில்லை.

இரண்டு கடிதங்கள் இருந்தன. கடைசியாக வந்தது மறுப்பு. அதற்கு முதல், தை மாதம் வந்தது வேறு ஒரு கடிதம். நீங்கள் தந்த வங்கி ஆவணம் உண்மையானதாகத் தெரியவில்லை, இது பற்றி உங்கள் விளக்கத்தை 15 நாளுக்குள் அனுப்புங்கள் என்று விசா அதிகாரி கேட்டிருந்தார். யாரும் பதில் போடவில்லை. அந்த ஆவணத்தை அக்கா கண்ணாலும் காணவில்லை. தன்ர பேரில் போன கடிதத்துக்குத் தன்ர பேரில் வந்த கேள்வியை மூன்று மாதம் கழித்து, விசா முடிந்த பிறகு, என்ர ஃபோனில்தான் வாசிச்சவா.

கனடாவின் சட்டப்படி விண்ணப்பத்தில் பொய் ஆவணம் வைத்தால் ஐந்து வருடத் தடை. அதைச் செய்தது ஏஜென்சி என்றாலும் தடை விண்ணப்பித்தவருக்குத்தான். 2028 வரை அவா கனடாவுக்கு விண்ணப்பிக்க ஏலாது. வேறு நாட்டுக்குப் போட்டாலும் "உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா" என்ற கேள்வி வரும்.

பெரியம்மா நான் வாசிக்கிறதைப் பாத்துக்கொண்டு இருந்தவா. "தம்பி, அதில என்ன போட்டிருக்கு?" எண்டு கேட்டவா. நான் முழுக்கச் சொல்லவில்லை. அக்காதான் சொன்னவா.

அதுக்குப் பிறகு முறைப்பாடு. போன ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி, "காசு குடுத்ததுக்குத் துண்டு இருக்கா?" இருந்தது. "சேவைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று இங்கிலிஷில் அடிச்ச ஒரு துண்டு, இரண்டரை இலட்சத்துக்கு. மற்றக் காசுக்கு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் இல்லை. ஒரு அலுவலகத்தில் இருந்தவர் ஆறுதலாகத்தான் கதைத்தார். "வேலைக்குப் போனதெண்டா நாங்கள் பாக்கலாம். இது படிப்பெல்லே" என்றார்.

"இது படிப்பெல்லே." திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வசனம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது சரி.

1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் உருவானது. ஒருவரைக் குவைத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்புவதென்றாலும் அனுப்புபவருக்கு உரிமம் வேணும். உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்வது குற்றம். உரிமம் உள்ள முகவர்களின் பட்டியலைப் பணியகத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். இந்த விசயத்துக்கென்று பிரதேச செயலகங்களில் உத்தியோகத்தர்கள் இருக்கினம். தையல், கணினி, தாதிப் பயிற்சி படிப்பிக்கிற தனியார் நிறுவனங்களுக்கும் 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கு. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலில் அல்லது பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டு நூலில் இருக்கா என்று எங்கட மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். ஆனால் அது பட்டத்தோடு திரும்பி வந்த பிறகு பார்க்கிற பார்வை. போக முதல், நடுவில் மேசை போட்டு இருக்கிற ஆள்? நான் வேலை செய்த இடத்தின் சுவரில் இருந்தது வணிகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் ஒன்று மட்டும். பலசரக்குக் கடைக்கும் அதேதான். நான் அங்கு இருந்த மாதங்களில் உரிமம் எங்கே என்று கேட்டு ஒருவரும் உள்ளே வரவில்லை.

சரி, உரிமம் வந்தால் எல்லாம் சரியா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்தியாவில் பஞ்சாப் மாநிலம் 2012 இலேயே பயண முகவர்களுக்கும் விசா ஆலோசகர்களுக்கும் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் 2023 இல் அங்கிருந்து கனடாவுக்குப் போய்ப் படித்து முடித்த பிள்ளைகளுக்கு, நீங்கள் வந்த கல்லூரி அனுமதிக் கடிதமே பொய் என்று நாடுகடத்தும் அறிவித்தல் போனது. கடிதத்தைத் தயாரித்தது ஜலந்தரில் இருந்த ஒரு முகவர். பிள்ளைகள் றொரன்ரோவுக்குப் பக்கத்தில் வெயிலில் இருந்து போராட்டம் நடத்தினார்கள். அதுக்குப் பிறகுதான், 2023 டிசம்பர் 1 முதல், ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் அந்தக் கல்லூரியிடமே கேட்டு உறுதிப்படுத்தும் முறையைக் கனடா கொண்டுவந்தது. சுவரில் தொங்கிற உரிமத்தால் தடுக்க ஏலாமல் போனதை, கடிதத்தை நேரே சரிபார்க்கிற ஒரு சின்ன நடைமுறை ஓரளவு தடுக்கும்.

அவுஸ்திரேலியாவில் வேறு வழி. வெளிநாட்டு மாணவர்களுக்கான 2000 ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழான 2018 தேசியக் கோவையும் முகவரைவிடக் கல்லூரியைத்தான் பிடிக்கின்றன. கல்லூரி தன்ர ஒவ்வொரு முகவரோடும் எழுத்தில் ஒப்பந்தம் வைத்திருக்கவேணும். முகவர் பொய் சொல்லி ஆள் சேர்க்கிறார் என்று தெரிந்தால் உறவை முறிக்கவேணும். கொமிசன் குடுக்கிறவர் பொறுப்பும் எடுக்கவேணும் என்பதுதான் விசயம்.

கனடாவிலும் ஒரு விதி இருக்கு. அது தெரிய வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒருவரின் குடிவரவு விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்ல, ஒன்றில் சட்டத்தரணியாக இருக்கவேணும், இல்லாவிட்டால் பதிவு பெற்ற ஆலோசகராக இருக்கவேணும். அந்த ஆலோசகர்களை மேற்பார்க்க 2021 நவம்பரில் ஒரு தனி அமைப்பே தொடங்கினார்கள். பதிவில் ஆர் இருக்கினம் என்று இணையத்தில் தேடலாம். அதனால்தான் எங்கட ஏஜென்சி "பிரதிநிதி இல்லை" என்று போட்டது. அதனால்தான் அக்காவின் பேரிலேயே ஒரு ஈமெயில். கனடாவின் கண்ணுக்கு அந்த விண்ணப்பத்தை அக்காதான் தனியாக இருந்து போட்டவா. நாங்கள் அங்கே இல்லவே இல்லை. அந்த மறைப்பைத் தட்டச்சுச் செய்தது என்ர விரல்.

இதையெல்லாம் யோசித்த பிறகு, இலங்கையில் ஒரு சட்டமோ ஒழுங்குவிதியோ வந்தால் அது முதலில் என்ன செய்யவேணும் என்பதில் எனக்கு ஒரு தெளிவு இருக்கு. ஃபைல் படிக்கப் போகிற பிள்ளையின் கையில் இருக்கவேணும். மற்றது எல்லாம் இதில இருந்து வரும். விண்ணப்பத்தில் பிள்ளையின் சொந்த ஈமெயிலும் சொந்தப் பாஸ்வேர்டும். அனுப்பும் ஒவ்வொரு ஆவணத்தின் பிரதியும் பிள்ளையின் கையொப்பத்தோடு. வாங்கும் ஒவ்வொரு சதத்துக்கும் துண்டு. தமிழிலோ சிங்களத்திலோ ஒப்பந்தம், திருப்பித் தரும் காசு எவ்வளவு, எப்ப என்ற வரியோடு. அந்தக் கல்லூரியிடமிருந்து ஏஜென்சி கொமிசன் வாங்குதா என்பது அதே தாளில். இதைச் செய்யாத ஏஜென்சியின் பதிவை நிறுத்தவேணும்.

இன்னொன்று. பதிவு செய்யிற கந்தோர் கொழும்பில் மட்டும் இருந்தால் எங்களுக்கு அது இல்லாத மாதிரித்தான். துணுக்காயிலிருந்து ஒரு முறைப்பாட்டுக்குக் கொழும்பு போய்வர இரண்டு நாள், ஒரு கிழமைச் சம்பளம். வெளிநாட்டு வேலைக்குப் போறவைக்குப் பிரதேச செயலகத்தில் ஒரு உத்தியோகத்தர் இருக்கலாம் என்றால், படிக்கப் போறவையையும் அதே மேசை பார்க்கலாம். புதுக் கட்டடம் தேவையில்லை.

ஏஜென்சிகளையே மூடவேணும் என்று நான் சொல்ல மாட்டேன். அது எங்களுக்குச் சரிவராது. அந்தக் கதிரையில் இருந்தபடியால் எனக்கு ஒன்று தெரியும். வன்னியிலிருந்து வருகிற அம்மாமார், வேறு எந்த இடத்திலும் தங்களை இருக்கச் சொல்லாத மரியாதையோடு அங்கே இருத்தப்படுகினம். இங்கிலிஷ் படிவத்தைத் தமிழில் ஒருவர் பொறுமையாகச் சொல்லுறார். தேத்தண்ணி வருது. அந்தப் பொறுமையை முதலில் எங்கட பாடசாலையோ, வலயக் கல்வி அலுவலகமோ, பல்கலைக்கழகமோ தந்திருக்கவேணும். தரவில்லை. நேர்மையாகச் செய்யிற ஏஜென்சிக்காரரும் இருக்கினம். என்ர பட்ச் பிள்ளை ஒருத்தியின் அண்ணா அப்படி ஒருவரால்தான் போய்ப் படிக்கிறார். நல்லவர் ஆர், மற்றவர் ஆர் என்று வாசலில் நிற்கும்போது பிரிச்சுப் பார்க்க வழி இல்லை என்பதுதான் பிரச்சினை. அந்த வழியைத் தரவேண்டியது அரசு.

கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இதில வேலை இருக்கு என்றும் நினைக்கிறன். ஒரு விசா மறுப்புக் கடிதத்தை, ஒரு ஒப்பந்தத்தை வாசிச்சு விளங்கப்படுத்த இங்கிலிஷும் தமிழும் தெரிந்த இரண்டு பேர் போதும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது சனசமூக நிலையத்தில் ஒரு சனிக்கிழமை இருக்கலாம். இரண்டு தரம் இருந்தனான். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. அடுத்த தரம் ஒரு அம்மா மகனின் ஃபைலோட வந்தவா. அதைத் திறந்து நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஈமெயில் ஆரின்ர அம்மா?" அவாவுக்குத் தெரியாது. மகனுக்குக் கோல் எடுத்தம். அவனுக்கும் தெரியாது.

அக்கா இப்ப கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர் உதவியாளராக இருக்கிறா. இரவில் கணக்கியல் தொழிற்சான்றுப் பரீட்சைக்குப் படிக்கிறா. உறுதி இன்னும் மீளவில்லை. வட்டி மட்டும் ஒழுங்காகப் போகுது. நான் அந்தப் பத்தாயிரத்தை ஒருநாள் கொண்டுபோய்க் குடுத்தனான். அவா வாங்கவில்லை. "வச்சிரு. ஆருக்காவது துண்டு எழுதுறதுக்கு ஒரு கொப்பி வாங்கு" எண்டு பகிடியாச் சொன்னவா. பிறகு அவாவே, "எழுதுறதெண்டா, நான் முட்டாள் மாதிரி எழுதாத, என்ன?" எண்டு கேட்டவா.

அவா முட்டாள் இல்லை. மூன்று பாடம் சித்தியடைஞ்ச, கடைக் கணக்கில் ஒரு சதம் பிசகாத பிள்ளை. நம்பினது சொந்தத் தம்பியை.

உங்கட வீட்டிலயும் ஒரு ஃபைல் இப்ப எங்கேயோ ஒரு மேசையில் இருக்கலாம். காசு குடுத்தாச்சு என்றாலும் பரவாயில்லை. போய்க் கேளுங்கோ. ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் வாங்கி, அவையின்ர முன்னாலேயே திறந்து, வந்த கடிதம் எல்லாத்தையும் வாசியுங்கோ. தர மாட்டினம் என்றால் உங்களுக்கு அதிலேயே பதில் கிடைச்சிட்டுது.